பெயர்ப் பலகை இல்லாத பண்டிகைக் கடை: கிருஷ்ணகிரியில் ஒரு வருடம் வாங்கிப் பார்த்தேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கடைக்குப் பெயர் கிடையாது. பலகை மாட்டியிருந்த இடத்தில் துருப்பிடித்த ஆணி இரண்டு மட்டும் நிற்கிறது. கிருஷ்ணகிரி பழையபேட்டைக்குப் போய்ப் பண்டிகை சாமான் கடை எங்கே என்று கேட்டால் வழி காட்டிவிடுவார்கள். சிலர் அதைப் பூஜை சாமான் கடை என்பார்கள், நாங்கள் குடியிருக்கிற வீட்டின் சொந்தக்கார அம்மா தொப்பிக் கடை என்பார், எலத்தகிரியிலிருந்து டிசம்பரில் வருகிறவர்களுக்கு அது ஸ்டார் கடை. எல்லாம் ஒரே கடைதான். பத்தடி அகலம், உள்ளே போகப் போக நீளம், கடைசியில் இருட்டு. 2025 ஜனவரியிலிருந்து 2026 ஜனவரி வரைக்கும் எங்கள் வீட்டுப் பண்டிகை அத்தனைக்கும் இங்கேதான் வாங்கினேன், அதனால் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அந்த ஒன்று எங்கே போச்சு என்றால் அதற்குக் கற்பூரம், பிளாஸ்டிக் மாவிலை என்று இரண்டு காரணம் இருக்கிறது, போகப் போகச் சொல்கிறேன்.

என் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் இப்படி ஒரு கடை எனக்கு ஏன் தேவைப்பட்டது என்று புரியும். நான் பிறந்தது தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டிப் பக்கம். பொங்கல், தீபாவளி, மாரியம்மன் திருவிழா, ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல், எங்கள் பண்டிகை இவ்வளவுதான். கட்டிக்கொண்டு வந்த வீடு தெலுங்கு பேசுகிற வீடு. இவர்களுக்கு யுகாதி பெரிய பண்டிகை, எனக்கோ அதுவரைக்கும் அது பள்ளிக்கூடம் லீவு விடுகிற ஒரு நாள். இப்போது குடியிருக்கிற காம்பவுண்டில் மூன்று வீடு. வீட்டுக்காரம்மா உருது பேசுகிறவர், எங்கள் பையன் அவரை நானி என்றுதான் கூப்பிடுவான். பின்வீட்டில் ஓசூர்ப் பக்கத்துக் கன்னடக் குடும்பம். ஒரு வீட்டுப் பண்டிகை என்றால் மற்ற இரண்டு வீட்டுக்கும் தட்டு வரும், வந்த தட்டை வெறுந்தட்டாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. அப்புறம் என்ன, வருடம் முழுக்க யாருக்காவது எதையாவது வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கடைக்காரருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். எல்லாரும் தாத்தா என்கிறார்கள். கல்லாவில் பேத்தி. தாத்தா தலைக்கு மேலே மூன்று காலண்டர் தொங்கும். ஒன்று நாம் தினமும் கிழிக்கிற காலண்டர், ஒன்று பெங்களூரிலிருந்து வந்த கன்னடப் பஞ்சாங்கக் காலண்டர், மூன்றாவது பிறை போட்ட உருதுக் காலண்டர். எல்லாரையும் சந்தோஷப்படுத்த மாட்டி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன், அப்புறம்தான் தெரிந்தது, அவர் சரக்கு எடுப்பதே அந்த மூன்றையும் பார்த்துத்தான். பொங்கல் சூரியக் கணக்கு, ஜனவரி 14 அல்லது 15, யோசிக்கவே வேண்டாம். யுகாதி, விநாயகர் சதுர்த்தி, தீபாவளி எல்லாம் திதிக் கணக்கு, வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும், நடுவில் ஓர் அதிக மாதம் விழுந்தால் மொத்தமும் பின்னால் தள்ளிப் போகும். ரம்ஜானுக்கு அந்தத் தள்ளுதல் கிடையாது. ஹிஜ்ரி வருடத்துக்கு 354 அல்லது 355 நாள்தான் என்பதால் அது முன்னால் வந்துகொண்டே இருக்கும், சுமார் முப்பத்துமூன்று வருடத்தில் வெயில், மழை, பனி எல்லாவற்றையும் ஒரு சுற்று சுற்றிவிடும். "போன தீபாவளி அக்டோபர் 20, வர்ற தீபாவளி நவம்பர் 8. நடுவுல மே மாசம் 17-ல இருந்து அதிக மாசம் கண்ணு, அதான்" என்று கணக்கைப் பேச்சு வாக்கில் சொன்னார். இது தெரியாமல் சரக்கு எடுத்தால் தொப்பியும் அகல்விளக்கும் அடுத்த வருடம் வரைக்கும் தூசி படிந்து கிடக்கும் என்பது அவர் கட்சி.

2025-இல் அவருக்கே சோதனை. யுகாதி மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை. நோன்பு நம் நாட்டில் மார்ச் 2 தொடங்கியது, ஆக அதே ஞாயிறு இருபத்தொன்பதாம் நோன்பு. அன்று சாயங்காலம் பிறை தெரிந்தால் திங்கள் பெருநாள், தெரியாவிட்டால் செவ்வாய்.

நான் சனிக்கிழமை போய் யுகாதி சாமான் ஒரு செட் கொடுங்கள் என்று நின்றேன். தாத்தா கையை நீட்டாமல், "உங்க வீட்ல பச்சடியா, பேவு பெல்லாவா?" என்றார். முழித்தேன். கன்னடக்காரர்கள் வேப்பம்பூவையும் வெல்லத்தையும் கலந்து அப்படியே வாயில் போட்டுக்கொள்வார்கள், தெலுங்கு வீடுகளில் அதோடு புளி, மாங்காய், மிளகாய், உப்பு சேர்த்துக் கரைத்துப் பச்சடியாகச் செய்வார்கள், ஆறு சுவையும் அதில் இருக்க வேண்டும். நிற்கிற இடத்திலிருந்தே அத்தைக்குப் போன் போட்டேன். பச்சடிதான், இது கூடவா தெரியாது என்று அத்தை கேட்டது கடை முழுக்கக் கேட்டது. வேப்பம்பூவை மந்தார இலையில் கட்டிக் கொடுத்தார், புதுப்புளி கொடுத்தார், வெல்லம் கொடுத்தார், மாங்காய் மட்டும் கொடுக்கவில்லை. "கிருஷ்ணகிரியில இருந்துக்கிட்டு மாங்காயைக் காசு குடுத்து வாங்குவியா? எந்த மரத்துக்குக் கீழயாவது போய் நில்லும்மா." அதோடு ஒரு தகவலும் இலவசம். பிறக்கிற வருடத்துக்குப் பெயர் விசுவாவசு, ஏப்ரல் 14-இல் பிறக்கிற நம் தமிழ் வருடத்துக்கும் அதே பெயர்தான், இரண்டு வாரம் முன்னே பின்னே. அறுபது வருடப் பெயர் ஒன்றுதான், ஆரம்பிக்கிற நாள்தான் வேறு. இதை எனக்கு இத்தனை வருடத்தில் யாரும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பச்சடி குடித்து, அத்தையிடம் உப்பு கூடிப் போச்சு என்று பேச்சும் வாங்கி முடித்த பிறகு, சாயங்காலம் நானி சேமியாவும் சாரைப்பருப்பும் வாங்கி வரச் சொன்னார். பிறை தெரிகிறதோ இல்லையோ, வாங்கி வைத்துவிட வேண்டுமாம். நான் போனபோது கடையில் நாலைந்து பேர்தான். யாரோ ஒரு பையன் வாசலில் நின்றுகொண்டு போனைப் பார்த்து "தெரிஞ்சிடுச்சு" என்று கத்தினான் பாருங்கள், கால் மணி நேரத்தில் தெரு நிறைந்துவிட்டது. தாத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. வாசல் மேசையிலிருந்த குங்குமத் தட்டு, மாவிலைத் தோரணம், வெல்ல அச்சு எல்லாம் உள்ளே போனது. உள்ளேயிருந்து தொப்பி அடுக்கு, அத்தர் பெட்டி, சுர்மா, மருதாணிக் கோன், வறுத்த சேமியா எல்லாம் வெளியே வந்தது. பத்து நிமிடத்தில் வேறு கடை. முன்னாடியே எல்லாவற்றையும் சாக்கில் கட்டி மேசைக்குப் பின்னால் வைத்திருந்தார்கள் போல. சின்னப் பிள்ளைகளோடு வந்தவர்களை முதலில் விட்டார், என்னை ஒரு மணி நேரம் நிற்க வைத்தார். வரிசை என்ற ஒன்று அந்தக் கடையில் கிடையாது, இது நிஜமான குறை. கை நீளமாக இருக்கிறவன் முதலில் வாங்கிப் போகிறான். நான் குட்டை.

மறுநாள் இன்னொரு வேடிக்கை. யுகாதிக்கு மறுநாள் கன்னடக் குடும்பங்களில் வருஷ தொடக்கு என்று கறி எடுப்பார்கள். அன்றைக்கே பெருநாளும் விழுந்ததால் கறிக்கடையில் பின்வீட்டு அக்காவின் வீட்டுக்காரரும் நானியின் மகனும் ஒரே கூட்டத்தில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார்கள். மத்தியானம் எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமிருந்தும் தட்டு வந்தது. சரி, கடைக்கு வருவோம்.

கொடி. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும், ஏனென்றால் நான் பாப்பாரப்பட்டிக்காரி. சுப்பிரமணிய சிவா கடைசியில் வந்து தங்கியது எங்கள் ஊரில்தான், உயிர் விட்டதும் அங்கேதான், 1925 ஜூலை 23. 2025 ஜூலையோடு நூறு வருடம் முடிந்துவிட்டது. ரயிலில் ஏற்ற மாட்டோம் என்று வெள்ளைக்காரன் சொன்ன பிறகும் தொழுநோய் உடம்போடு ஊர் ஊராக நடந்தே பாரத மாதா கோயிலுக்கு நன்கொடை கேட்ட மனுஷன். அவர் நினைத்த ஆலயம் அங்கே எழும்பித் திறந்ததே 2021-இல்தான். பள்ளிக்கூடம் படிக்கும்போது சுதந்திர தினத்தன்று எங்களை அவர் சமாதிக்கு வரிசையாகக் கூட்டிப் போவார்கள், கையில் காகிதக் கொடி, திரும்பி வரும்போது ஆரஞ்சு மிட்டாய். தீபாவளிக்குப் புது உடுப்பு மாதிரி எனக்கு ஆகஸ்ட் பதினைந்துக்குக் கொடி.

அதனால் போன ஆகஸ்டில் வாசலுக்கு ஒரு துணிக்கொடி வாங்கினேன். பாலியஸ்டர், 70 ரூபாய். கூட்டத்தில் பேத்தி புதுக் கட்டிலிருந்து உருவிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து விரித்துப் பார்த்தால் ஒரே நீளம், சால்வை மாதிரி. நடுவில் அசோகச் சக்கரம் வட்டமாக இல்லை, முட்டை மாதிரி இழுபட்டிருந்தது, அதுவும் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பையன் ஆரக்கால்களை எண்ணிப் பார்த்து இருபத்திரண்டு என்றான், நான் எண்ணியபோது இருபத்து மூன்று வந்தது, எப்படியும் இருபத்து நாலு வரவில்லை.

திரும்பக் கொண்டுபோனேன். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். தாத்தா டேப்பை எடுத்து அளந்தார். நீளம் மூன்று பங்கு என்றால் அகலம் இரண்டு பங்கு இருக்க வேண்டும், அதுதான் கொடியின் அளவு, 30 அங்குல நீளத்துக்கு 20 அங்குல அகலம். இதில் அகலம் பதினாறு கூட இல்லை. பேத்தியை ஒரு பார்வை பார்த்தார், அந்தக் கட்டு முழுவதையும் எடுத்து உள்ளே கொண்டுபோய்ப் போட்டுவிட்டார், எழுபது ரூபாயை எண்ணி என் கையில் வைத்தார். மாற்றுக் கொடி கேட்டதற்கு, "தபால் ஆபீஸ்ல 25 ரூபாய்க்கு இதே சைஸ் சரியான அளவுல தர்றான், அங்க போம்மா" என்றார். தன் கடைக்கு வந்த ஆளைப் போட்டிக் கடைக்கு அனுப்புகிற வியாபாரியை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். தபால் நிலையத்தில் நிஜமாகவே 25 ரூபாய்தான், வீடுதோறும் கொடி என்று 2022-இல் ஆரம்பித்ததிலிருந்து விற்கிறார்கள்.

முன்பெல்லாம் கையால் நூற்று நெய்த துணியில்தான் கொடி இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது, 2021 டிசம்பர் 30-இல் திருத்தி, மிஷினில் நெய்ததும் பாலியஸ்டரும் செல்லும் என்று ஆக்கினார்கள். அதற்குப் பிறகுதான் இந்த மாதிரி கோணல் கொடியெல்லாம் லோடு லோடாக வந்து இறங்குகிறது என்று தாத்தாவுக்குக் கோபம். அவரிடம் கதர்க் கொடியும் இருக்கிறது, விலையைக் கேட்டுவிட்டு நான் மேலே பேசவில்லை. பிளாஸ்டிக் கொடி அவர் விற்பதே இல்லை. இன்னொன்று சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 15 மறுநாள் கடை வாசலில் ஓர் அட்டைப்பெட்டி வைத்திருந்தார், பிள்ளைகள் தெருவில் போட்டுவிட்டுப் போன காகிதக் கொடிகளைப் பொறுக்கி அதில் போடுகிறார்கள், மரியாதையாக ஒதுக்குப்புறத்தில் வைத்து எரிப்பாராம். அந்தப் பெட்டி நிரம்பியிருந்ததைப் பார்த்தபோது எனக்கு எழுபது ரூபாய்க் கோபம் போய்விட்டது.

அதே ஆகஸ்டு மாதத்தில்தான் இந்தக் கடை உயிர் வாழ்கிறது என்று சொல்லலாம். 3-ஆம் தேதி ஆடிப்பெருக்கு, மஞ்சள் கயிறும் காதோலை கருகமணியும். 8-ஆம் தேதி வரலட்சுமி நோன்பு, கலசத்துக்கு வைக்கிற அம்மன் முகம். 9-ஆம் தேதி ராக்கி. ராக்கியை யார் வாங்குவார்கள் என்று கேட்காதீர்கள், ஓசூர்க் கம்பெனிகளில் வேலை பார்க்கிற பீகார், ஒடிசாப் பையன்கள் பஸ் ஏறி வந்து வாங்குகிறார்கள். ஊரில் இருக்கிற அக்கா தங்கை தபாலில் அனுப்பியது வந்து சேராவிட்டால் தாங்களே வாங்கிக் கட்டிக்கொண்டு வீடியோ காலில் காட்டுகிறார்கள். அவர்களுக்காகவே மார்ச்சில் ஹோலிப் பொடியும் வைத்திருப்பார், ஆனால் அதை நான் வாங்கியதில்லை, எனவே அபிப்பிராயம் இல்லை.

விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய நாள் கௌரி பண்டிகை என்று ஒன்று இருப்பதே பின்வீட்டு அக்காவால்தான் எனக்குத் தெரியும். இரண்டு முறத்தை ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்து, உள்ளே அரிசி, பருப்பு, வெல்லம், வளையல், கண்ணாடி, சீப்பு, ரவிக்கைத் துணி, மஞ்சள் குங்குமம் எல்லாம் வைத்து சுமங்கலிகளுக்குக் கொடுப்பார்கள், மொரத பாகின என்று பெயர். கடையில் தயாராகக் கட்டியே 350 ரூபாய்க்கு விற்கிறார்கள். அக்கா அதை அவிழ்த்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். முறம் நல்ல மூங்கில் முறம்தான், குறை சொல்ல முடியாது, உள்ளே இருந்த கண்ணாடிதான் பொம்மைக் கடைக் கண்ணாடி, முகம் பார்த்தால் இரண்டு மூக்கு தெரிகிறது. முறத்தை மட்டும் வாங்கி, சாமானைத் தனியாகப் போட்டுக்கொள்வது உத்தமம்.

பிள்ளையார் நன்றாகவே இருந்தார். வர்ணம் பூசாத களிமண், ஒரு சாண் உயரம், 120 ரூபாய். பெரிய பிளாஸ்டர் சிலைகளுக்கு மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2020-லேயே தடை போட்டுவிட்டது என்றாலும் சாலையோரத்தில் பளபளவென்று நிற்கத்தான் நிற்கிறது. இந்தக் கடையில் அது கிடையாது. ஆனால் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் எங்கள் பிள்ளையாருக்குத் தும்பிக்கை மேல் ஒரு கீறல் விழுந்தது. அத்தைக்கு முகமே மாறிவிட்டது, சகுனம் அது இது என்று ஆரம்பித்தார். ஓடினேன். தாத்தா சிரித்தார். களிமண்ணை நிழலில் ஒரு வாரம் காய வைக்க வேண்டும், வெயிலில் வைத்தால் மேல்தோல் சீக்கிரம் சுருங்கி உள்ளே ஈரம் நின்று வெடிக்கும், ஜன்னல் பக்கம் வைத்தாயா என்றார். வைத்திருந்தேன். ஓர் உருண்டை ஈரக் களிமண் கொடுத்தார், விரலில் தண்ணீர் தொட்டுத் தடவினால் சரியாகிவிடும் என்று. சரியானது. கரைக்கிற அன்று நாங்கள் கே.ஆர்.பி. அணைக்கெல்லாம் போகவில்லை, பக்கெட்டில் வைத்தோம், மாலைக்குள் கரைந்துவிட்டார், கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டோம். செடி இப்போது என் தோள் உயரம்.

ஆயுத பூஜையைப் பற்றி இரண்டே வரி. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையும் சென்னை நெடுஞ்சாலையும் சந்திக்கிற ஊர் என்பதால் லாரிக்காரர்கள் கூட்டம், பொரியும் பூசணியும் சந்தனமும் மூட்டையாகப் போகிறது, நம்மை யாரும் கவனிக்க மாட்டார்கள், இரண்டு நாள் முன்னாடியே போய்விடுங்கள். போன வருடம் விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும் ஒரே நாளில் விழுந்தது. தாத்தா சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில் காந்தி படத்தையும் வைத்து இரண்டுக்கும் சேர்த்து ஒரே மாலையாகப் போட்டிருந்தார். கேட்டதற்கு, "நம்ம தொரப்பள்ளிக்காரர் பொண்ணைத்தானே காந்தி பையனுக்குக் கட்டினாங்க, அப்ப நம்ம ஜில்லாவுக்குச் சம்பந்திதானே" என்றார். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி ஓசூர்ப் பக்கம்தான், முறை சரியாகத்தான் வருகிறது.

பட்டாசு இங்கே கிடைக்காது. முன்பு தீபாவளிக்குப் பத்து நாள் லைசென்ஸ் எடுத்து விற்றுக்கொண்டிருந்தாராம். 2023 ஜூலை 29, இதே பழையபேட்டையில் பட்டாசுக் குடோன் வெடித்து ஒன்பது பேர் போனார்கள். அந்தச் சத்தம் கேட்டவர்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். இரண்டு மாதம் கழித்து அக்டோபர் 7, எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் இன்னொன்று, செத்தவர்களில் நான் பிறந்த தர்மபுரி மாவட்டத்து அரூர்ப் பக்கப் பிள்ளைகள், தீபாவளி செலவுக்கு வேலைக்குப் போன பிள்ளைகள். அதிலிருந்து அவர் பட்டாசு எடுப்பதில்லை. எங்கள் பையனுக்கு வருத்தம்தான். வேறு இடத்தில் பசுமைப் பட்டாசு கொஞ்சம் வாங்கினோம், அரசு கொடுத்த காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்ற நேரத்தில் வெடித்து முடித்தாயிற்று. தாத்தா கடையில் தீபாவளிக்கு வாங்க வேண்டியது நோம்புக் கயிறுதான். எங்கள் பக்கத்தில் தீபாவளி என்றாலே கேதார கௌரி நோம்பு, இருபத்தோரு அதிரசம், இருபத்தோரு இழைக் கயிறு. கடையில் இழையை எண்ணிப் பார்த்தேன், சரியாக இருபத்தொன்று. கொடிச் சக்கரத்துக்குப் பிறகு எனக்கு எதையும் எண்ணிப் பார்க்கிற வியாதி வந்துவிட்டது. நோம்பு தீபாவளியன்றா மறுநாளா என்ற குழப்பம் வந்தால் அமாவாசை எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று பார்த்து அவரே சொல்லிவிடுவார்.

கார்த்திகைக்கு இந்தக் கடையில் ஒரு பொருள் இருக்கிறது, அதற்காகவே ஒருமுறை போகலாம். மாவலி. பனம்பூவைக் குழியில் போட்டுக் கரியாக்கி, இடித்து, துணியில் நீளமாகச் சுற்றிக் கட்டி, பனை மட்டைக்கு நடுவில் வைத்து, கயிறு போட்டுத் தீப் பிடித்ததும் தலைக்கு மேல் சுழற்றினால் பொறி பொறியாகப் பூ மழை கொட்டும். என் அப்பா எங்களுக்குச் செய்து கொடுப்பார், அவருக்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை. தாத்தாவிடம் வருடத்துக்கு ஐம்பது உருப்படி வரும், மலைப் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் கட்டிக் கொண்டுவந்து தருகிறார். 80 ரூபாய். டிசம்பர் 3 கார்த்திகை, நான் 1-ஆம் தேதி போனபோதே கடைசி மூன்று. அன்று ராத்திரி காம்பவுண்டில் எங்கள் பையன், நானியின் பேரன், பின்வீட்டுப் பெண் மூன்று பேரும் சுற்றினார்கள், நானி நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். ஒரு பொறி விழுந்து என் புதுத் துப்பட்டாவில் ஓட்டை. அதற்குக் கடையைக் குறை சொல்ல முடியாது.

அகல்விளக்கு வாங்குகிறவர்களுக்கு: முதல் நாள் ராத்திரி தண்ணீரில் ஊறப் போட்டுக் காய வைத்து ஏற்றுங்கள். சுட்ட மண் எண்ணெயைக் குடிக்கும். அதைப் பேத்தி சொல்ல மாட்டாள், தாத்தாவைக் கேட்டால்தான் சொல்வார். முதல் வருடம் எனக்குத் தெரியாமல் திண்ணை முழுக்க எண்ணெய்க் கறை.

கிறிஸ்துமஸ் ஸ்டார் ஒன்று வாங்கினேன், பையன் கேட்டான் என்று. காகித ஸ்டார் நன்றாக இருந்தது, அதற்குள் தொங்கவிடுகிற பல்பு இரண்டு நாளில் போய்விட்டது. குடிலுக்கு வைக்கிற சின்னச் சின்ன மண் பொம்மைகள் அழகு, ஆட்டுக்குட்டி தனியாகவே வாங்கலாம்.

பொங்கலுக்குக் காப்புக்கட்டப் பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கட்டிய கொத்து பத்து ரூபாய். தெருவிலும் அதே விலைதான். ஆனால் அந்த வாரம் கடைக்குள் பெண்கள் நுழைவது கஷ்டம். எருது விடும் விழாவுக்குக் காளைக்குச் சலங்கை, தலைக்கயிறு, கொம்புக்குப் பெயிண்ட், கொம்பில் கட்டுகிற தட்டிக்கு ஒட்டுகிற ஜிகினாக் காகிதம் என்று இளந்தாரிகள் அடைத்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு பையன் கொம்புத் தட்டிக்கு யார் படம் ஒட்டலாம் என்று அரை மணி நேரம் தாத்தாவோடு ஆலோசனை நடத்தினான், நான் மஞ்சள் கொத்தோடு பின்னால் நின்றேன்.

இப்போது கற்பூரம். மூன்று முறை வாங்கினேன், மூன்று முறையும் ஏமாந்தேன். சுத்தமான கற்பூரம் எரிந்து முடிந்தால் தட்டில் ஒன்றும் மிஞ்சக் கூடாது. இதுவோ கறுப்பாக மெழுகு மாதிரி ஒட்டிக்கொண்டது, தட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கை வலித்தது. சொன்னேன். "வர்ற சரக்கு அப்படித்தாம்மா வருது" என்கிறார். கொடிக் கட்டையே தூக்கிப் போட்ட மனுஷன் கற்பூர விஷயத்தில் மட்டும் இப்படிச் சொல்வது எனக்கு இன்னும் விளங்கவில்லை. கட்டிச் சாம்பிராணி அங்கே முதல் தரம், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கற்பூரத்தை வேறு எங்காவது வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு குறை, பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம், 180 ரூபாய். யுகாதிக்கு மாங்காயை மரத்தடியில் போய்ப் பொறுக்கச் சொன்ன அதே மனுஷர்தான் அதையும் விற்கிறார். கேட்டால் அபார்ட்மென்ட்காரர்கள் கேட்கிறார்கள் என்று பேத்தியைக் கை காட்டுகிறார், பேத்தி தாத்தாவைக் கை காட்டுகிறாள். வருடத்துக்கு ஒருமுறை மாங்கனிக் கண்காட்சி நடத்துகிற ஊரில் பச்சைப் பிளாஸ்டிக்கை வாசலில் தொங்கவிட எப்படித்தான் மனசு வருகிறதோ. இரண்டு மழையில் வெளுத்து நீலமாகிவிடுகிறது என்று அதை வாங்கிய ஓர் அம்மா என்னிடமே சொன்னார்.

மற்றபடி: ஜிபே உண்டு, சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுக்க மாட்டார்கள். பில் கேட்டால்தான் தருவார்கள், அதையும் துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதி. மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை கடை சாத்தியிருக்கும், தாத்தா தூங்குவார். அவர் இல்லாதபோது போனால் இது வெறும் சாமான் கடைதான், பேத்திக்குப் பொருளின் விலை தெரியும், முறை தெரியாது. அவள் கற்றுக்கொள்கிறாள் என்றுதான் நினைக்கிறேன், போன வாரம் போனபோது மூன்றாவது காலண்டரில் எதையோ விரலால் எண்ணிக்கொண்டிருந்தாள். காரில் போகாதீர்கள், தெரு அவ்வளவு குறுகல், ரவுண்டானாப் பக்கமே நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.

2026-இல் யுகாதி மார்ச் 19, ரம்ஜானும் அதை ஒட்டியே, ஓரிரண்டு நாளில் வருகிறது. அந்த வாரம் போகிறவர்கள் சாயங்காலம் மட்டும் போகாதீர்கள். காலையில் பதினோரு மணிக்குள் போய்விடுங்கள்.